அடுத்த அறைக்கு வழி எது?

கேள்வி: என்னுடைய விண்டோஸ் கம்ப்யூட்டர், மகளுடைய மேக், மகனுடைய லினக்ஸ் லேப்டாப் மூன்றும் ஒரே வைஃபையில் இருக்கின்றன. இன்டர்நெட் பிரமாதமாக வருகிறது. ஆனால் விண்டோஸில் ‘நெட்வொர்க்’ என்பதைத் திறந்தால் மற்ற இரண்டும் தெரிவதே இல்லை. அமெரிக்காவோடு பேசுகிற யந்திரங்கள் அடுத்த அறையோடு பேச மறுப்பானேன்?
– ஒரு குடும்பஸ்தர், கும்பகோணம்

பதில்: அடுத்த அறையிலிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் அயல்நாட்டிலிருப்பவரோடு மணிக்கணக்காகச் சம்பாஷிக்கும் வழக்கத்தை யந்திரங்கள் தம் எஜமானர்களைப் பார்த்தே கற்றிருக்கலாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனாலும் தங்கள் வீட்டு விவகாரத்தில் அவை பேச மறுக்கின்றன என்று தீர்ப்புச் சொல்ல இன்னும் சாட்சியம் போதாது. பட்டியலில் பெயர் காணவில்லை என்பது மட்டுமே இதுவரை ருசுவாகியிருக்கிறது. ஆள் வீட்டில் இல்லை என்பது ருசுவாகவில்லை.

முன்காலத்து விண்டோஸில், ஒரு வீட்டிலோ ஆபீஸிலோ உள்ள கம்ப்யூட்டர்கள் தமக்குள்ளேயே ஒரு தேர்தல் நடத்தி, அதில் ஜயித்த யந்திரத்திடம் யார் யார் இருக்கிறார்கள் என்னும் ஜாபிதாவைப் பராமரிக்கிற உத்தியோகத்தை ஒப்படைத்துவிடும். ஊர்த் தண்டோராக்காரனைப் போன்ற அந்த உத்தியோகஸ்தன், எஸ்எம்பி என்னும் கோப்புப் பரிமாற்ற முறையின் முதலாம் பதிப்பை நம்பியே ஜீவனம் நடத்தி வந்தான். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் நாசகார நிரல், அந்த முதலாம் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக உலகமெங்கும் புகுந்து, பிரிட்டனின் ஆஸ்பத்திரிகள் உள்பட எத்தனையோ ஸ்தாபனங்களை ஸ்தம்பிக்கச் செய்தது. ஓட்டையை அடைக்கும் பரிகாரத்தை மைக்ரோஸாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, வெளியிட்டிருந்தும் அதைப் போட்டுக்கொள்ளாமல் அசட்டையாயிருந்தவர்கள் பலர். அவ்வருஷம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு தொடங்கி, புதிதாக விண்டோஸ் நிறுவும்போது முதலாம் பதிப்பைத் தானாகச் சேர்க்கிற வழக்கம் நின்றது. கூடவே தண்டோராக்காரனுக்கும் வேலை போயிற்று.

இப்போது விண்டோஸ் தன் இருப்பை ‘டபிள்யூஎஸ் டிஸ்கவரி’ என்னும் முறையில் அறிவிக்கிறது. மேக்கும் பெரும்பாலான லினக்ஸும் ‘போன்ஷூர்’ என்னும் வேறொரு முறையில் அறிவிக்கின்றன. ஒருவர் கூவுவது மற்றவர் காதில் விழுவதில்லை. லினக்ஸ் லேப்டாப்பில் ‘டபிள்யூஎஸ்டிடி’ என்னும் சிறு நிரலை நிறுவிவிட்டால் அதுவும் விண்டோஸின் பாஷையில் கூவத் தொடங்கும். ஆனால் அது அழகுக்காகச் செய்கிற காரியமே ஒழிய அவசியத்துக்காக அல்ல.

அவசியமான காரியம், பட்டியலை நம்பாமல் முகவரியைக் கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டுவதுதான். லினக்ஸ் லேப்டாப்பின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் \\192.168.1.20 என்று அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட் பொத்தானோடு ‘கே’யை அழுத்தி, எஸ்எம்பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு தேடுகிற கம்ப்யூட்டரின் எண் என்று அந்த வரிசையில் அடியுங்கள். ஃபோல்டர் திறந்துகொண்டால், குறை பட்டியலில்தான். பட்டியலை மறந்துவிட்டு, திறந்த ஃபோல்டருக்கு ஒரு குறுக்குவழி போட்டு வைத்துக்கொண்டு க்ஷேமமாக இருக்கலாம். பாஸ்வேர்டு கேட்டால், பாதை சரியாயிருக்கிறது, பிரவேச அனுமதியில்தான் தகராறு என்று அர்த்தம். ஒன்றுமே நடவாமல் நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்து கைவிரித்தால் மட்டுமே பாதையில் அடைப்பு. அப்போது ஃபயர்வாலில் 445 என்னும் வாயில் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல், கண்ட பொத்தான்களையெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள்தான் எனக்கு அதிகமாகக் கடிதம் எழுதுகிறார்கள்.

கேள்வி: முகவரி எண்ணைப் போட்டால் வேலை செய்தது. மறுவாரம் அதே எண்ணைப் போட்டால் வீட்டுப் பிரிண்டர் வந்து நிற்கிறது!
– ‘திடுக்கிட்டவன்’, சேலம்

பதில்: எண்களை வழங்குகிறவர் தங்கள் ரவுட்டர், அவர் அவற்றை வாடகைக்கு விடுகிறாரே தவிர கிரயம் செய்து கொடுப்பதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிஹெச்சிபி என்னும் பகுதியில், இந்தக் கம்ப்யூட்டருக்கு எந்நாளும் இந்த எண்ணே என்று ‘ரிசர்வேஷன்’ செய்துவிட்டால் பிரிண்டர் அங்கே குடிவராது.

கேள்வி: விண்டோஸில் தினமும் நான்கு இலக்கப் பின் நம்பரைப் போட்டுத்தான் உள்ளே போகிறேன். மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போக அதே எண்ணைக் கொடுத்தால் தவறு என்று தள்ளிவிடுகிறது. என் வீட்டில் எனக்கே அனுமதி இல்லையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, அந்தப் பின் நம்பர் அந்த ஒரு யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லுபடியாகும், நெட்வொர்க் வழியாக வருகிறவர் அதைச் சொன்னால் விண்டோஸ் காதில் போட்டுக்கொள்ளாது. விரல் ரேகைக்கும் முகம் பார்த்துத் திறப்பதற்கும் இதே கதிதான். கேட்கப்படுவது கணக்கின் பாஸ்வேர்டு. மைக்ரோஸாஃப்ட் கணக்கு வைத்திருந்தால், பெயர் கேட்கிற இடத்தில் முழு இமெயில் முகவரியையும், பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டைக் கடைசியாக எப்போது அடித்தோம் என்பதே பலருக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை மனக்கிலேசம் குறைவான உபாயம், விண்டோஸில் கோப்புப் பகிர்வுக்கென்றே தனியாக ஓர் உள்ளூர்க் கணக்கைத் தொடங்கி, அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்டை வைத்து, வீட்டார் அனைவரும் அதைக் கொண்டே பிரவேசிப்பது. பாஸ்வேர்டை வெறுமையாக விட்டுவிடலாமே என்று நினைக்க வேண்டாம்; வெறும் பாஸ்வேர்டு உள்ள கணக்கை, நேரில் வந்தால் அனுமதிக்கிற விண்டோஸ், நெட்வொர்க் வழியாக வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

விண்டோஸ் மட்டும்தான் இப்படிச் சோதிக்கிறது என்று எண்ணி வருந்த வேண்டியதும் இல்லை. லினக்ஸில் கோப்புகளைப் பகிர்கிற சம்பா என்னும் நிரல் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டுப் புத்தகம் வைத்திருக்கிறது. லினக்ஸில் தினமும் நுழைகிற பாஸ்வேர்டு அந்தப் புத்தகத்தில் தானாக ஏறுவதில்லை. ‘எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி’ என்னும் கட்டளையை ‘-ஏ’ என்னும் குறியோடும் தங்கள் பெயரோடும் கொடுத்துப் பதிவு செய்தாலொழிய, எத்தனை முறை சரியாக அடித்தாலும் தவறென்றே பதில் வரும். மேக்கிலோ, சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் ஷேரிங், அதில் ஃபைல் ஷேரிங்கின் பக்கத்திலுள்ள சிறு வட்டம், அதற்குள் ஆப்ஷன்ஸ் என்று கோயில் பிராகாரம் நீளத்துக்கு நடந்து போனால், கடைசியில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் தங்கள் பெயருக்கு எதிரே குறியிட்டு பாஸ்வேர்டை மறுபடியும் ஒரு முறை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பெட்டியைத் தேடிப்பிடிக்காமல் மேக்கைத் தூற்றுகிறவர்கள் தொகை அதிகம். அதை அவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்தவர்களையும் நான் மெச்சுவதற்கில்லை.

கேள்வி: பாஸ்வேர்டு, பெயர் எல்லாம் சரி. ஆனாலும் ஒரே சர்வரோடு இரண்டு பெயர்களில் உறவாடக் கூடாது என்று விண்டோஸ் ஒழுக்கம் போதிக்கிறது.
– ‘நிரபராதி’, கோயம்புத்தூர்

பதில்: முன்னொரு தடவை வேறு பெயரில் போயிருக்கிறீர்கள், அதை அது மறக்கவில்லை. கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்னும் இடத்தில் பழைய பெயரை அழித்துவிட்டு, ஒரு தரம் வெளியேறி மறுபடி நுழையுங்கள். அதற்குப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. பெயரால் அழைத்துக்கொண்டிருந்த சர்வரை எண்ணால் அழைத்தால், விண்டோஸ் அதை வேறொரு சர்வர் என்றே நம்பிவிடும்.

கேள்வி: நம் வீட்டுக்குள் நமக்கெதற்குப் பாஸ்வேர்டு? முன்பெல்லாம் ‘கெஸ்ட்’ என்று திறந்து விட்டிருந்தோமே. புது லேப்டாப் வாங்கியதிலிருந்து அது உள்ளே விடமாட்டேன் என்கிறது.
– தாராள மனத்தவர், காரைக்குடி

பதில்: விண்டோஸ் 11 புரொஃபெஷனலின் 2024-ஆம் வருஷத்து 24எச்2 பதிப்பு, எஸ்எம்பி வழியாகப் போகிற வருகிற ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருக்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கிறது. கையொப்பத்துக்கு வேண்டிய ரகசியச் சாவி பாஸ்வேர்டிலிருந்து உற்பத்தியாவது. பாஸ்வேர்டே இல்லாத அதிதிக்குக் கையொப்பமிடச் சக்தி ஏது? ஆகவே அதிதி ஸத்காரம் அடியோடு நிறுத்தப்பட்டிருக்கிறது. நிபந்தனையைத் தளர்த்தும் வழி இருக்கிறது, இளைஞர்கள் பலர் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. வாசலில் நிற்கிற யந்திரம் உண்மையிலேயே தங்கள் யந்திரம்தானா, நடுவில் யாராவது வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறாரா என்று கண்டுபிடிப்பதற்குள்ள சாதனம் அந்தக் கையொப்பம்தான். ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் ஏற்படுத்த ஐந்து நிமிஷம் ஆகாது.

கேள்வி: விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து மற்றவற்றுக்குப் போக முடிகிறது. மற்றவற்றிலிருந்து அதற்கு வர முடியவில்லை.
– ஒருவழிப் பாதை, ஈரோடு

பதில்: அந்த லேப்டாப் தங்கள் வீட்டு வைஃபையை ரயிலடி வைஃபை என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில், அந்த வைஃபையின் குணம் ‘பப்ளிக்’ என்றிருப்பதை ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். வெளியூர் லாட்ஜில் தங்கும்போது அதே லாட்ஜ் வைஃபையையும் பிரைவேட் ஆக்கிவிடாதிருப்பது உசிதம்.

கேள்வி: கோப்பைத் திறக்க முடிகிறது, திருத்திச் சேமிக்க முடியவில்லை.
– கணக்குப்பிள்ளை, விருதுநகர்

பதில்: பகிர்வுக்கு ஓர் அனுமதியும் டிஸ்க்கிலுள்ள ஃபோல்டருக்கு வேறோர் அனுமதியும் உண்டு; இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். விண்டோஸில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகப் பகிர்ந்தால், எல்லாருக்கும் வாசிக்க மட்டுமே அனுமதி என்பதுதான் எழுதாச் சட்டம். சம்பாவிலும் ‘ரீட் ஒன்லி’ என்பதற்கு ‘நோ’ என்று தாங்களே எழுதினாலொழிய எழுத்தனுமதி கிடையாது. அங்கே எழுதிய பிறகும் முடியவில்லையென்றால், அந்த ஃபோல்டருக்கு லினக்ஸில் யார் சொந்தக்காரர் என்று பாருங்கள். பெரும்பாலும் ‘ரூட்’ என்னும் நிர்வாகி பேரில் பட்டா இருக்கும்.

கேள்வி: மாடியில் மகன் தனி ரவுட்டர் வைத்திருக்கிறான். கீழே கம்பெனிக்காரர்கள் வைத்த ஃபைபர் பெட்டி. மாடிக் கம்ப்யூட்டர் கீழே வருகிறது. கீழிருந்து மாடிக்குப் போக முடியவில்லை.
– மாமனார், தஞ்சாவூர்

பதில்: கீழே உள்ள எண்கள் 192.168.1 என்றும் மாடியில் உள்ளவை 192.168.0 என்றும் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் தாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வசித்தாலும் நெட்வொர்க் கணக்கில் தனிக்குடித்தனம் ஆகிவிட்டது. மகனுடைய ரவுட்டர் உள்ளிருப்பவர்களை வெளியே போகவிடும், வெளியிலிருப்பவர்களை உள்ளே விடாது, தாங்கள் வெளியாராகிவிட்டீர்கள். அந்த ரவுட்டரின் அமைப்பில் ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ என்னும் முறைக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே குடும்பமாகும். விருந்தினருக்கென்று வைத்த ‘கெஸ்ட்’ வைஃபையில் லேப்டாப்பை இணைத்தாலும் இதே பிரிவினைதான் நேரும்.

கேள்வி: பெரிய ஹார்டு டிஸ்க்கை மேக்கில் செருகினால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை, அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கிறதாம். நெட்வொர்க் வழியாகவும் இதே கதிதானா?
– புகைப்படக்காரர், மதுரை

பதில்: இல்லை. டிஸ்க்கை விண்டோஸிலேயே செருகிப் பகிருங்கள். மேக் நேராக டிஸ்க்கில் எழுதுவதில்லை, விண்டோஸிடம் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறது, விண்டோஸ் எழுதுகிறது.

கேள்வி: மேக்கில் உருவாக்கிய ‘கோலம்’ என்னும் ஃபோல்டரை மேக்கில் ஃபார்மாட் செய்த பழைய டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்கு நகல் எடுத்தேன். அங்கே ஏற்கெனவே ‘கோலம்’ இருந்தது. இப்போது இரண்டு ‘கோலம்’ பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. பிசாசு வேலையா?
– இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

பதில்: பிசாசு நிரபராதி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின்னே ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஏகாரத்தின் இரட்டைச் சுழியை ஒரு குறியாகவும் காலை மற்றொரு குறியாகவும் தனித்தனியே வைக்கலாம். ‘கொ’வுக்கும் ‘கௌ’வுக்கும் இதே ரகசியம் உண்டு. ஆப்பிள் 1998-இல் கொண்டுவந்த பழைய கோப்பமைப்பு முறை, பெயர் எப்படி வந்தாலும் பிரித்தே எழுதிவைக்கும் சுபாவம் உடையது. லினக்ஸோ பெயரை எழுத்தாகப் பார்ப்பதேயில்லை. பைட்டுகளின் வரிசையாகப் பார்க்கிறது. சேர்த்து எழுதிய ‘கோலம்’ ஐந்து குறிகள், பதினைந்து பைட்டு; பிரித்து எழுதிய ‘கோலம்’ ஆறு குறிகள், பதினெட்டு பைட்டு. லினக்ஸின் கண்ணில் இவை இரண்டும் வெவ்வேறு ஆசாமிகள். ஆங்கிலத்தில் மட்டுமே பெயர் வைக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் ஆயுளில் வராது. தமிழில் பெயர் வைக்கிற நமக்குத்தான் வரும். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டியதில்லை. லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்றொரு நிரல் இருக்கிறது. ‘என்எஃப்சி’ முதலிய தக்க குறிகளோடு அதை ஏவினால், ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பிரிந்த குறிகளைச் சேர்த்துவைக்கும். ஒரே பெயரில் இருவர் ஏற்கெனவே இருக்கிற இடத்தில், ஒருவருக்கு முதலில் வேறு பெயர் சூட்டிவிட்டு அதை ஏவுங்கள்.

இந்தப் பைட்டுக் கணக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல் தாத்தா பெயரிலிருந்து முகூர்த்த நேரம் வரை கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கிறவர்கள் உண்டு. விண்டோஸ் அதை 255 குறிகள் வரை சகித்துக்கொள்ளும். லினக்ஸில் வழக்கமாயுள்ள ‘எக்ஸ்ட்4’ முறை 255 பைட்டுகள்தான் சகிக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆகையால், மெய்யின் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்பட்டு, 85 குறிகளோடு கணக்குத் தீர்ந்துவிடும். அதற்கு மேற்பட்ட பெயருள்ள கோப்பு விண்டோஸில் சுகமாக இருந்து, லினக்ஸுக்குப் போகும் வழியில் மட்டும் இடறிவிழுவதன் காரணம் இதுவே.

கேள்வி: அக்கா லினக்ஸிலிருந்து எனக்கு அனுப்பிய ‘மாங்காய் ஊறுகாய் போடுவது எப்படி?’ என்னும் கோப்பு, என் விண்டோஸில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் ஓர் அலைக்கோடுமாகத் தெரிகிறது.
– தங்கை, நாகர்கோவில்

பதில்: மாங்காயில் குற்றமில்லை, கேள்விக்குறியில்தான். விண்டோஸில் கோப்பின் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் முதலியவை ஆகாது; சம்பா அப்படிப்பட்ட பெயரை விண்டோஸ் சகிக்கும்படி சிதைத்துக் கொடுக்கிறது. கேட்பதை விட்டுவிட்டு ‘போடும் முறை’ என்று அக்காவைப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். (கேள்விக்குறியை வைத்துப் பிழைக்கிற நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கேள்வி: சம்பா சம்பா என்கிறீர்களே, யார் செய்தது? நெல்லோடு ஏதாவது உறவா?
– விவசாயி, மன்னார்குடி

பதில்: நெல்லோடு உறவில்லை. 1991 டிசம்பரில், கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிஜெல் என்பவர், தம் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் யந்திரத்தின் டிஸ்க்கை எட்ட வேண்டியிருந்தபோது, இரண்டுக்கும் இடையே கம்பியில் ஓடுகிற பைட்டுகளைக் கவனித்துக் கவனித்து, அந்தப் பரிபாஷையைத் தாமே கிரகித்து ஒரு நிரல் எழுதினார். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு கம்பெனி உரிமை கொண்டாடியதால், எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வருகிற சொல்லை அகராதியில் தேடச் செய்து, கிடைத்தவற்றுள் நடனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

ஒட்டுக்கேட்டே கற்ற அந்தப் பாஷையின் இலக்கணத்தை உரியவர்கள் எழுத்தில் கொடுப்பதற்கு வெகுகாலம் பிடித்தது. 2004-இல் ஐரோப்பியக் கமிஷன் மைக்ரோஸாஃப்டுக்கு எதிராகத் தீர்மானித்து, 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை ஊர்ஜிதம் செய்த பிறகு, அவ்வருஷம் டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு அந்த விவரங்கள் சம்பாக்காரர்கள் கைக்குக் கிடைத்தன. இன்று மைக்ரோஸாஃப்ட் பொறியாளர்களும் சம்பாக்காரர்களும் கூடி உட்கார்ந்து சோதனை நடத்துகிறார்கள். தங்கள் வீட்டு லினக்ஸும் விண்டோஸும் முகம் பார்த்துப் பேசுவது அந்த மாணவரின் பிடிவாதத்தால்தான்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது, ஆனால் ஒரு சினிமாவை நகலெடுக்க ஐந்தாறு நிமிஷம் ஆகிறது. கேபிள் போட்டும் இப்படியா?
– அவசரக்காரர், சென்னை

பதில்: கேபிளின் முனையைக் கண்ணெதிரே பிடித்து, கண்ணாடிக் கொண்டைக்குள் எத்தனை கம்பிகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். நான்கே இருந்தால், அல்லது எட்டில் ஒன்று அறுந்திருந்தால், அது விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு மெகாபைட்டுக்குள்தான். எட்டும் சரியாயிருந்து, இரு முனையிலும் உள்ள யந்திரங்களும் நடுவிலுள்ள ரவுட்டரும் கிகாபிட் ரகமாயிருந்தால், அதே சினிமா ஒரு நிமிஷத்துக்குள் வந்து சேரும்.

கேள்வி: இத்தனை சிரமத்துக்கு ஒரு பென் டிரைவ் போதாதா?
– அனுபவஸ்தர், வேலூர்

பதில்: தாராளமாய்ப் போதும். ஆனால் அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று கம்ப்யூட்டர்களும் அதைப் படிக்கும், எழுதும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால், முதலில் அவற்றை வேறெங்காவது நகலெடுத்து வைக்க வேண்டும். அதற்கு அடுத்த அறைக் கம்ப்யூட்டர் சௌகரியமான இடம்.